நாலு சொல்லும் ஒரு பச்சை விளக்கும்

மாதம் பிறக்க இன்னும் நாலே நாள் என்கிற நினைப்பு லிப்டில் ஏறும்போதே சந்தியாகுவின் வாயில் கற்கண்டாகக் கிடந்தது. கடிக்கவும் மனமில்லை, விழுங்கவும் மனமில்லை, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக ஒதுக்கிக்கொண்டே நாற்பது மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்ந்தார். முதல் தேதியிலிருந்து தொபியாஸ் மதிய ஷிப்டுக்குப் போகிறான். நேற்று கேட் ஆபீசில் சொன்னார்கள், யாரும் கேட்காமல் அவனாகவே எழுதிக் கொடுத்தானாம். இருபத்திரண்டு வருஷமாகச் சோற்றில் கடிபட்ட கல் தானாக எழுந்து இலையை விட்டுப் போகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? அதனால்தான் விடிகாலையில் பவுலினாள் வைத்த ஊளி மீன் குழம்புக்கு வழக்கமான ஆறு இடியாப்பத்தோடு நிறுத்தாமல் எட்டு சாப்பிட்டார். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி மேலும் கீழும் பார்த்து, என்ன, இன்னைக்கு உமக்குப் பொண்ணு பாக்கப் போறாங்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்தால் வயிறு முதலில் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும். கல்யாணமான புதிதில் மொபட்டின் பின்னால் உட்கார்ந்து அவள் சிரித்தபோது வண்டியே ஆடி, இரண்டு பேரும் உப்பளத்து ஓரம் போய்ச் சாய்ந்தார்கள், அப்போதும் அவள் எழுந்திருக்காமல் தரையில் கிடந்தே சிரித்தாள். கிரேன் கேபின் கதவைத் திறந்ததும் கடல் முழுவதும் அந்தச் சிரிப்புபோல மினுமினுவென்று கிடந்தது. காலடியில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே துறைமுகம், லாரிகள் தீப்பெட்டி வரிசைபோல, அவற்றின் நடுவே ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் தொபியாஸ், கீழே நின்று சிக்னல் கொடுக்கிறவன். நாலு நாளில் அந்தப் புள்ளி இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் தொட்டார். கைப்பிடிகள் குளிர்ச்சியாக, கன்றுக்குட்டியின் மூக்குபோல இருந்தன.

சந்தோஷத்தில் ஒன்றை மறந்திருந்தார், நெஞ்சுப்பட்டை இறுக்கி நினைவூட்டியது. நெஞ்சைச் சுற்றி இந்தப் பட்டை, மணிக்கட்டில் வேர்வையை மோப்பம் பிடிக்கும் ஒரு காப்பு, ஹெல்மெட்டுக்குள் நெற்றியைத் தொட்டபடி மூன்று உலோகப் பொட்டு. பத்து நாளாக இந்த அலங்காரம். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கண்ணுக்கு நேரே ஒரு சின்ன விளக்கு: மனசு இலகுவாக இருந்தால் பச்சை, பாரம் ஏறினால் மஞ்சள், தாங்க முடியாமல் களைத்தால் சிவப்பு. இதைக் கொண்டுவந்தவள் கோகிலவாணி, கோயம்புத்தூர்ப் பெண், பெரிய படிப்பு, கீழே ஏசி அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கிரேன்காரர்களின் மூளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூளை எவ்வளவு பாரம் சுமக்குதுன்னு பாக்கறோமுங்க என்று முதல் நாள் விளக்கியபோது, முப்பது டன் பெட்டியைத் தூக்குவது கிரேன், நான் சும்மா உட்கார்ந்திருக்கிறவன், எனக்கு என்னம்மா பாரம் என்று கேட்டுச் சபையைச் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பெல்லாம் இரண்டே நாளில் போயிற்று. இரண்டு முறை சிவப்பு விழுந்துவிட்டது அவருக்கு. மூன்றாவது விழுந்தால் ஆளைக் கிரேனிலிருந்து இறக்கித் தரை வேலைக்குப் போட வேண்டும் என்று கம்பெனி விதி எழுதி ஒட்டியிருக்கிறது; மற்றவர்கள் படித்துச் சொன்னார்கள். தரை வேலை என்றால் கேட். கேட் என்றால் வருகிற லாரியின் எண்ணையும் பேரையும் எழுத வேண்டும். எழுத்து என்று நினைத்ததுமே முதுகுத்தண்டில் ஓர் எறும்பு ஊர்ந்தது. பணி ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம். பதினாலு மாதமும் பேனாவைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டு... விளக்கு லேசாக மஞ்சள் தட்டியது. வேண்டாம். இன்று பட்டை கட்டும் கடைசி நாள். பத்து மணி வரை, நாலு மணி நேரம் தள்ளிவிட்டால் போதும். எட்டு இடியாப்பத்தை நினை. நினைத்தார். பச்சை வந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது. "ஆரியா." அவ்வளவுதான். இறக்கு என்பதற்குத் துறைமுகத்தில் அதுதான் சொல். தூக்கு, ஆரியா, நில், சரி. இருபது வருஷமாக அவருக்கும் தொபியாஸுக்கும் இடையில் இந்த நாலு சொல்லுக்கு மேல் ஒன்று போனதில்லை, வந்ததில்லை. பெருநாளுக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை. தொபியாஸின் அம்மா செத்தபோது சந்தியாகு தெருமுனை வரை போய், மாலையைப் பவுலினாள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மறுவாரம் வேலைக்கு வந்தவன் எடுத்த எடுப்பில் சொன்னது, தூக்கு. மற்ற கிரேன்களில் சிக்னல்காரர்கள் கதை பேசுவார்கள், கொஞ்சம் முன்னால வாங்கண்ணே, போதும் போதும், ஐயோ என்பார்கள். தொபியாஸின் வாயில் ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. ஆனால் அந்த ஆரியாவில் எத்தனை ஆரியா. குட்டையாகச் சொன்னால் இரண்டு அடி. இழுத்துச் சொன்னால் லாரி இன்னும் அடங்கி நிற்கவில்லை என்று அர்த்தம். மூச்சோடு சொன்னால் பெட்டிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு கை அகலம்தான். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, சந்தியாகுவும் இதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. மழை எப்படிப் பெய்கிறது என்று யோசித்துக்கொண்டா குடை பிடிக்கிறோம். கப்பலின் வயிற்றிலிருந்து நீலப் பெட்டி ஒன்று மேலே வந்தது, கேபினோடு சேர்ந்து கரையை நோக்கி ஊஞ்சல்போல ஓடியது, ஓடி நின்ற இடத்தில் அதன் ஆட்டத்தை எதிர் ஆட்டம் கொடுத்து அடக்கினார், கை தானாகச் செய்தது, அழுகிற பிள்ளையை மடியில் தட்டுவதுபோல. "ஆரியா." மூச்சோடு. பெட்டி லாரியில் உட்கார்ந்தது. லாரி டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே ஏதோ கேட்பது தெரிந்தது. என்ன கேட்பான் என்று சந்தியாகுவுக்குத் தெரியும். வச்சாச்சா என்று கேட்பான். முப்பது டன் முதுகில் ஏறியதுகூடத் தெரியாத அளவுக்குப் பூவாக வைக்கிற கிரேன்காரன் இந்தத் துறைமுகத்தில் ஒருத்தன்தான். அந்தத் தலை நீட்டலைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் ஒரு மேளம் அடிக்கும். ஏழு மணிக்குள் இருபத்தாறு பெட்டி, ஏழெட்டுத் தலை. பச்சை, பச்சை, பச்சை. கடல்காக்கை ஒன்று கேபினுக்கு நேராக வந்து, ஒரு கண்ணால் அவரைப் பார்த்துவிட்டுச் சரிந்து போனது.

பிறகு லாரி வரவில்லை. எங்கோ ஒன்று பழுதாகி வரிசையே நின்றுவிட்டதாம். கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். வேலை செய்கிற கை சும்மா இருந்தால் மணி உருட்டும். பவுலினாள் உருட்டுவது ஜெபமாலை மணி. சந்தியாகு உருட்டுவது வேறு மணி. முதல் மணி, மைத்துனன் கல்யாணப் பந்தியில் பிரியாணியில் எலும்பு மட்டும் விழுந்தது. பரிமாறியவன் முகம் பார்த்துத்தான் போட்டான், அதில் சந்தேகமில்லை. இரண்டாவது மணி, கோயில் கமிட்டியில் பேர் சேர்க்கிறோம் என்று சொல்லி விட்டுவிட்டது. மூன்றாவது, எதிர்வீட்டுக்காரன் கடனாக வாங்கிய ஏணி, அது திரும்பி வந்தபோது மேல்படி இல்லை, கேட்டதற்கு ஏணி ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்றான், மேல்படி இல்லாத ஏணியை எவனாவது வீட்டில் வைத்திருப்பானா. மணிகள் வழுவழுப்பாக, தேய்ந்து, விரலுக்குப் பழகி இருந்தன. ஒவ்வொன்றையும் தொடத் தொட ஒரு சுகம், வாய்ப்புண்ணை நாக்கால் தொட்டுப் பார்க்கிற சுகம். எந்த மணியில் தொடங்கினாலும் மாலை சுற்றிக்கொண்டு வந்து நிற்பது அந்தப் பெரிய மணியில்தான். பெரிய கிரேன் முதன்முதலாக வந்த வருஷம். ஆள் எடுக்கிறார்கள். சந்தியாகுவும் தொபியாஸும் ஒரே தெரு, ஒரே பந்து ஆடிய கால்கள், மக்கா என்றால் மக்கா, ஞாயிற்றுக்கிழமை தொபியாஸுக்குப் பவுலினாள் கை இடியாப்பம் இல்லாமல் விடியாது. தொபியாஸ் பத்தாவது படித்தவன், அவனைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அதிகாரி அவனிடமே கேட்கிறார், அந்தச் சந்தியாகு எப்படி. பின்னால், பெட்டிக்கு மறைவில் நின்று பீடியை அணைத்துக்கொண்டிருந்த சந்தியாகுவின் காதில் விழுந்தது: "அஞ்சாங்கிளாசு சார். போர்டுல உள்ள எழுத்தப் படிக்க மாட்டான்." அஞ்சாங்கிளாசு சார். இந்த உலகத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அஞ்சாங்கிளாசு சார். அதன் பிறகு இரண்டு வருஷம் தரையில் கிடந்து, பொத்தான்களின் வடிவத்தை, இருக்கும் இடத்தை, ஒவ்வொன்றும் போடுகிற சத்தத்தை மனப்பாடம் பண்ணி, எழுத்தைத் தொடாமலேயே பரீட்சையில் ஜெயித்து மேலே வந்தார். வந்த கொஞ்ச நாளில் தொபியாஸ் முட்டி போய்ச் சிக்னல் வேலைக்குக் கீழே இறங்கினான். நியாயம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்கு எட்டு இடியாப்பம் அல்ல, பத்து சாப்பிட்டார். அஞ்சாங்கிளாசு சார் என்று... விளக்கு! மஞ்சள் கனிந்து, முற்றி, மாம்பழத்தின் காம்புப் பக்கம்போலச் சிவக்கப் பார்த்தது. சந்தியாகு நாற்காலியில் நிமிர்ந்தார். வேண்டாம், வேண்டாம், மொபட், உப்பளம், பவுலினாள் தரையில் கிடந்து சிரிக்கிறாள், சேலையெல்லாம் உப்பு, அதைப் பார்த்துக்கொண்டு போன சைக்கிள்காரன் இறங்கி வந்து, அடி பட்டுருச்சாம்மா என்று கேட்கிறான், அவள் அவனைப் பார்த்து இன்னும் சிரிக்கிறாள். மஞ்சள் இறங்கியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரிகிறதே இந்தச் சனியன், வேலை செய்யும்போது எரியாமல்? முன்பு இரண்டு முறை சிவந்ததும் இப்படி லாரி இல்லாமல் காத்துக் கிடந்தபோதுதான். கருவி கோளாறு. நிச்சயம் கோளாறு.

எட்டு மணிக்கு லாரிகள் வந்தன, அதே நேரத்தில் தொபியாஸ் டீ குடிக்கப் போனான். பதிலுக்கு நின்றவர் கோவில்பட்டிக்காரர், நல்ல மனுஷன், குணத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அண்ணாச்சி வணக்கம், கொஞ்சம் இடது பக்கம், இல்ல எனக்கு இடது, உங்களுக்கு வலது, ஆங் ஆங், விடுங்க, பிடிங்க, அப்படியே, ஐயா மெதுவா. காற்றும் சமயம் பார்த்துத் தெற்கிலிருந்து எழுந்தது. பெட்டி கம்பிக்கடியில் மெல்லத் திரும்பத் தொடங்கியது. சந்தியாகுவின் கண் கண்ணாடித் தரையை விட்டு அகலவில்லை, தாடை இறுகியது, உள்ளங்கை ஈரமானது, ஒவ்வொரு சொல்லையும் பிடித்து, எடைபோட்டு, இவன் சொல்கிற கொஞ்சம் எத்தனை அடி, இவன் விடுங்க என்பது எதை, என்று மூளை கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவள்போல ஓடியது. நாலு பெட்டிக்கு நாற்பது பெட்டியின் களைப்பு. மஞ்சள் எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது, ஓரத்தில் சிவந்தது. கேட், பேனா, எழுத்து. ஐந்தாவது பெட்டி லாரியின் விளிம்பில் டங்கென்று இடித்து உட்கார்ந்தது, டிரைவர் தலையை நீட்டவில்லை, கையை நீட்டித் திட்டினான். இருபது வருஷத்தில் இப்படி ஒரு டங் கேட்டதில்லை. வயசாகிவிட்டதா? கண்ணில் ஏதாவது? கருவி சொல்வது சரிதானா? ஆறாவது பெட்டி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தபோது வாக்கிடாக்கி ஒரு கணம் ஓய்ந்தது. பிறகு: "நில்." சந்தியாகு நின்றார். பெட்டி நின்றது. காற்றுகூட நின்றதுபோல இருந்தது. "ஆரியா." இழுத்து. "ஆரியா." குட்டையாக. "ஆரியா." மூச்சு. பெட்டி உட்கார்ந்தது. தாடை எப்போது தளர்ந்தது என்று அவருக்கே தெரியாது. டீக்கு இவ்வளவு நேரமா இவனுக்கு என்று திட்டிக்கொண்டார், விளக்கைப் பார்க்கவே மறந்துபோனார்.

ஒன்பதே காலுக்குக் கப்பலின் அடுத்த மூடியைத் திறக்கிற இடைவெளியில் கேபின் போன் அடித்தது. கோகிலவாணி. ஐயா, பத்து நாள் கணக்கையும் சேர்த்துப் பார்த்துட்டேனுங்க என்று தொடங்கினாள். கேட்டில் உட்காரவா என்று கேட்க நாக்கு எழுந்தது, அடக்கிக்கொண்டார். அவள் சொன்னது இது. சிவப்பு இரண்டும் வேலையால் வந்ததில்லை, சும்மா இருக்கிறபோது வந்தது, அதைக் களைப்பென்று சொல்ல முடியாது, ஏதோ கோபம், அதை நீக்கிவிட்டு எழுதியிருக்கிறாள். ஆனால் இன்று எட்டு மணிக்கு வந்த மஞ்சள் உண்மையான பாரம். இதேபோல முன்பும் மூன்று முறை வந்திருக்கிறது, மூன்று முறையும் சிக்னலுக்கு வேறு ஆள். "உங்களுக்கு மனசு ரொம்ப லேசா இருக்கற நேரம் எதுன்னா, தொபியாஸ் அண்ணன் குரல் கேக்கறப்பத்தானுங்க. இப்பிடி ஒரு பச்சைய நான் யாருக்கும் பாத்ததில்லைங்க. தூங்கற கொழந்தை மாதிரி." சந்தியாகு போனைக் காதிலிருந்து எடுத்து அதன் முகத்தைப் பார்த்தார். கருவி கோளாறும்மா என்றார். அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, போன வாரம் அவரே என்கிட்ட வந்தாருங்க என்றாள். உங்களுக்குச் சிவப்பு விழறது அவரு குரலாலயான்னு கேட்டாரு. பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னேன். "அதுக்குள்ள மதிய ஷிப்டுக்கு எழுதிக் குடுத்துட்டாருங்க. நான் இருந்தா அவனுக்கு ஆகாது, மேல இருக்கறவன் இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனாரு." முதல் தேதியிலிருந்து வேறு ஆள் நின்றால் இந்த மஞ்சள் தினமும் வரும், அடுத்த சோதனையில் நானே நினைத்தாலும் மறைக்க முடியாது என்றும் சொன்னாள். தொபியாஸ் எழுதிக் கொடுத்த லெட்டர் இன்னும் மேலே போகவில்லையாம். மத்தியானம்தான் போகுமாம்.

போனை வைத்தார். வைத்த கை அங்கேயே இருந்தது. தூங்குகிற குழந்தையாம். ஐம்பத்தேழு வயதுக் குழந்தை. இத்தனை வருஷம் சோறு போட்டு, தண்ணீர் ஊற்றி, வெயில் படாமல் வளர்த்த வன்மத்தை இந்தப் பட்டையும் காப்பும் சேர்ந்து பத்தே நாளில் காட்டிக் கொடுத்துவிட்டன. நெஞ்சே, உன்னைக் கட்டிக்கொண்டு நான் என்ன பாடுபட்டேன், நீ எனக்குத் தெரியாமல் அவனோடு சிநேகிதமாகவா இருந்தாய்? ஆத்திரம் வந்தது; ஆத்திரத்தின் கீழே என்னவோ ஊறியது, குழி தோண்டும்போது கால் விரலில் படுகிற முதல் ஈரம்போல. அவன் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? சோற்றில் கடிபட்ட கல் தானாக எழுந்து போகிறது என்று எட்டு இடியாப்பம் தின்றாயே, அது உன் பல்லுக்காக எழுந்து போயிருக்கிறது. பெரிய மணியை எடுத்தார், வழக்கம்போல உருட்டினால் கோபம் வரும், கோபம் வந்தால் தப்பித்துவிடலாம். அதிகாரி கேட்கிறார், அந்தச் சந்தியாகு எப்படி. அஞ்சாங்கிளாசு... இல்லை. அதற்கு முன்னால் ஒன்று இருந்தது. மணியின் மறுபக்கத்தில் விரல் பட்டது, இருபத்திரண்டு வருஷமாக ஒரே பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருந்த விரல். "கை நல்ல கை சார். இந்தத் துறைமுகத்துல அதுமாதிரி கை கெடையாது." அதைச் சொல்லிவிட்டுத்தான், கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லத் தெரியாத அந்த முட்டாள், அஞ்சாங்கிளாசு என்றான். அது உண்மைதானே. காதில் விழுந்ததா அன்றைக்கு? விழுந்தது. பீடி நுனி சுட்டதுகூட ஞாபகமிருக்கிறது. அப்படியென்றால் அதை எங்கே வைத்திருந்தேன் இத்தனை நாள். கடல் மினுமினுத்தது. சந்தியாகுவுக்குச் சிரிப்பு வந்தது, பவுலினாளைப்போல வயிற்றிலிருந்து, சத்தமில்லாமல், பட்டை இறுகி இறுகித் தளர்ந்தது, கீழே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் இது என்ன நோய் என்று பயந்திருப்பாள்.

ஆனால் வன்மம் என்பது சட்டையா, கழற்றி ஆணியில் மாட்ட? இருபது வருஷம் பேசாத வாயில் முதல் சொல்லை எப்படி வைப்பது? மன்னித்துக்கொள் என்பதா? சீ. அதற்குக் கேட்டில் உட்கார்ந்து எழுதவே செய்யலாம். போகாதே என்பதா? அவன் என்ன பெண்டாட்டியா. மக்கா என்று ஒரு சொல் தொண்டை வரை வந்து, மேல்படி இல்லாத ஏணியில் ஏறியவன்போல அங்கேயே நின்றது. மூடி திறந்துவிட்டது. "தூக்கு." தூக்கினார். ஒன்பதே முக்கால். இன்னும் சில பெட்டி, பிறகு கீழே இறங்க வேண்டும், இறங்கினால் நேருக்கு நேர் முகம், முகத்தைப் பார்த்துச் சொல்ல இந்த ஜென்மத்தில் ஆகாது. வாக்கிடாக்கி வழியாகச் சொன்னால் உண்டு. ஒரு பெட்டி போயிற்று, சொல்லவில்லை. இன்னொன்று, சொல்லவில்லை. பச்சை வெட்கமில்லாமல் எரிந்தது. கடைசிப் பெட்டி, சிவப்புப் பெட்டி, லாரிக்கு இரண்டு ஆள் உயரத்தில் ஆடாமல் தொங்கியது. "ஆரியா" என்றான் தொபியாஸ். சந்தியாகு இறக்கவில்லை. "ஆரியா." இறக்கவில்லை. ஆரஞ்சுப் புள்ளி தலையைத் தூக்கி மேலே பார்த்தது. சந்தியாகு வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினார்.

"மதியத்துல வெக்கை ஜாஸ்தி. ஒம் முட்டிக்கு ஆகாது. அந்த லெட்டரக் கிழிச்சுப் போடு."

கீழே ஆரஞ்சுப் புள்ளி வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோவதும், எடுப்பதும், மறுபடி கொண்டுபோவதுமாக இருந்தது. லாரி டிரைவர் ஹாரன் அடித்தான்.

"பெட்டி தொங்குது மக்கா," என்றது வாக்கிடாக்கி. "ஆரியா."

மூச்சோடு. சந்தியாகு இறக்கினார். தூசி எழவில்லை, கம்பி முனகவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். தொபியாஸ் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தான்போல, இருபது வருஷமாகத் தலை நீட்டலாக மட்டும் பார்த்த அந்தக் கேள்வியைச் சந்தியாகு இன்றைக்குத்தான் காதால் கேட்டார்: வச்சாச்சாண்ணே? வச்சாச்சுலே, எடுத்துட்டுப் போ, என்ற தொபியாஸ், மேலே பார்த்து, அதே மூச்சில் சொன்னான்:

"ஞாயித்துக்கெழம வாரேன். பவுலினாட்ட எட்டு இடியாப்பம் சொல்லி வை."

எட்டா. சந்தியாகு பட்டையின் கொக்கியைக் கழற்றினார். விளக்கைப் பார்க்கவில்லை. விட்டால் பத்து கேட்பான், இவனை அன்றிலிருந்தே தெரியும்.

"ஆறுதான்," என்றார்.